தூண்ல எங்க தாத்தா பேரும் வெட்டுங்க

தியாகிகள் தூண் வேலைய பாக்குற அதிகாரிங்க எல்லாருக்கும், வணக்கம். தொண்டி பக்கத்து கடற்கரை ஊர்ல இருந்து எழுதுறேன்.

தூண்ல வெட்டப்போற பேருங்கன்னு போன வாரம் நீங்க ஒட்டுன லிஸ்ட்ல, மலாயாவுல (இப்ப மலேசியா) நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல, அதான் ஐ.என்.ஏ-ல, சேந்த ஒருத்தர் பேரும் இல்ல. கேட்டா, வெளிநாட்ல சேந்தவங்க, ஜெயில் சர்ட்டிபிகேட் இல்லன்னு பதில் வருது.

எங்க தாத்தா பொறந்ததே மலாயாவுல பேராக்ல ஒரு ரப்பர் தோட்டத்துல. பால் வெட்டிட்டு இருந்தவரு, 1943ல நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் தோட்டத்து ஆளுங்களோட கிளம்பிப் போயி சேந்தாரு, அதுவரைக்கும் துப்பாக்கிய தொட்டதில்ல, இந்தியாவ கண்ணால பாத்ததும் இல்ல. பர்மாவுல ரங்கூன்ல வெள்ளைக்காரன்கிட்ட பிடிபட்டு, 1946லதான் அவங்க அப்பா ஊரான இங்க வந்தாரு. சாகுற வரைக்கும் ஊருக்கு அவரு மலாயாக்காரருதான்.

1972ல வந்த தியாகி பென்ஷன் ஐ.என்.ஏ-காரங்களுக்கும் உண்டு. தாத்தா போனப்புறம் அப்பத்தா அதுக்கு அலைஞ்சாங்க. ரங்கூன்ல குடுத்த பேப்பர் மடிப்புல கிழிஞ்சிருந்ததால காலண்டர் அட்டைல சோத்துப் பருக்கைய தேச்சு ஒட்டி, மஞ்சப்பைல வச்சு எடுத்துட்டுப் போனாங்க. ஆபீசுல இருந்தவரு, பின்பக்கம் சீல் இருக்கான்னு பாக்கணும், பிரிச்சு எடுத்துட்டு வாங்கன்னுட்டாரு. அன்னைக்கு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல தண்ணி தொட்டுத் தொட்டு பிரிச்சாங்க. பேப்பர் கூழா கையோட வந்துருச்சு. அதுக்கப்புறம் அவங்க எந்த ஆபீசுக்கும் போகல.

இப்ப அதே பேப்பர திரும்ப கேட்டா நாங்க எங்க போறது? பென்ஷன் கேக்கல, பேரு மட்டும்தான் கேக்குறோம்.

சிங்கப்பூர்ல 1945ல நேதாஜி அடிக்கல் நாட்டுன ஐ.என்.ஏ நினைவுச் சின்னத்த வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வெடி வச்சு தகர்த்தான். அதே இடத்துல 1995ல அந்த நாட்டு அரசாங்கம் நினைவுப் பலகை வச்சிருக்கு. அவங்களுக்கு தோணுனது நமக்கு ஏன் தோணல? சுதந்திரம் வந்தும் ஐ.என்.ஏ-ல இருந்தவங்கள பட்டாளத்துல திரும்ப எடுத்துக்கல. பர்மாவுல இருந்து வந்தவங்க, சிலோன்ல இருந்து ராமேஸ்வரத்துல வந்து இறங்குனவங்க, யாரா இருந்தாலும் இந்தக் கரையில முதல் கேள்வி பேப்பர் எங்கங்குறதுதான், சாப்ட்டியான்னு கேக்குறதுக்கு முன்னாடியே. கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க.

எங்க வீடு மட்டும் இல்ல, இதே மாதிரி இன்னும் சில குடும்பங்க இருக்கு. பழைய போட்டோ, மலாயா சொந்தக்காரங்க எழுதுன லெட்டர், ஊர்ப் பெரியவங்க வாக்குமூலம், இதெல்லாம் ஆதாரமா எடுத்துக்கிட்டு ஒரு நாள் உக்காந்து விசாரிங்க, பேர சேருங்க.

கல்லு வெட்டுறவரு இன்னும் ஊர்லதான் இருக்காரு. தூணோட கடல் பாத்த பக்கம், அடியில ரெண்டு சாண் இடம் காலியா இருக்கு, நேத்து கையால அளந்து பாத்தேன். அவரு மூட்டைய கட்டிக் கிளம்புறதுக்குள்ள சொல்லிருங்கய்யா, தயவுசெஞ்சு.