நிறைவு விழாவை முதலில் யோசி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. விளையாட்டுப் போட்டியின் தொடக்க, நிறைவு விழாக்களை நடத்தும் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நூறு பேரை ஒரே நொடியில் ஒரே பக்கம் திரும்ப வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவர் யாரோ அங்கே இருக்கிறார். அதனால்தான் உன்னைத் தேடி வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு வெயிலில் அலையவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பெரியவள் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். எனக்கும் இப்போது மேடை வேலைகள் குறைவு, கையில் நேரம் இருக்கிறது. இந்த விழாக்களை எப்படித் திட்டமிடுவது என்று நீ கேட்டதற்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய திட்டக் குறிப்பைப் பார்த்தேன். தொடக்க விழாவுக்குப் பக்கம் பக்கமாக யோசனைகள் இருக்கின்றன. நிறைவு விழாவுக்கு அரைப் பக்கம்தான், அதிலும் பாதி வாணவேடிக்கை. பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நிறைவு விழாவை முதலில் யோசியுங்கள். அது ஒரு வடிவத்துக்கு வந்த பிறகு தொடக்க விழாவுக்குப் போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தொடக்க விழாவுக்கு முன்னால் மைதானம் உங்கள் கையில் இருக்கும். மேடை போடலாம், விளக்கு கட்டலாம், இரவெல்லாம் ஒத்திகை பார்க்கலாம். நிறைவு விழாவுக்கு அது கிடைக்காது. 2012 லண்டன் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள். பெரிய மைதானத்தில் தடகளப் போட்டிகள் ஆகஸ்ட் 11 இரவு வரை நடந்தன. மறுநாள் 12ஆம் தேதி இரவு அதே இடத்தில் நிறைவு விழா. ஓடுபாதையை மூடி, மேடை அமைத்து, ஒலி, விளக்கு எல்லாம் இணைத்துச் சரிபார்க்க ஒரு நாள்கூட முழுதாக இல்லை. வேறு எங்கோ ஒரு திடலில் கோடு போட்டுப் பழகியவர்கள் அந்தத் தரையில் முதன்முறையாகக் கால் வைப்பதே விழா நாளில்தான். அவ்வளவு குறைந்த நேரத்தில் என்னென்ன பொருளை உள்ளே கொண்டுவர முடியும், எந்த வாசல் வழியாக, எத்தனை வண்டிகளில் என்பதெல்லாம் முதலிலேயே முடிவாக வேண்டும். தொடக்க விழாவில் பணமும் ஆளும் தீர்ந்த பிறகு இதைப் பற்றி யோசித்தால் மிஞ்சுவது ஒரு பாட்டுக் கச்சேரிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. லண்டனில் 204 அணிகளுக்கும் ஆளுக்கொரு செப்பு இதழ் கொடுத்து, அவற்றைச் சேர்த்துத்தான் ஜோதிக் கொப்பரையே செய்தார்கள். தாமஸ் ஹெதர்விக் என்ற வடிவமைப்பாளர் செய்தது. தொடக்க விழாவன்று அது மைதானத்தின் நடுவில் இருந்தது. தடகளத்துக்கு இடம் விட வேண்டுமே, அதனால் ஜோதியை ஒரு சின்ன விளக்குக்கு மாற்றி வைத்துக்கொண்டு, கொப்பரையை ஓரமாக நகர்த்தி மறுபடி ஏற்றினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஜோதி ஏந்தி ஓடிய ஒருவர்தான் அதை மீண்டும் ஏற்றினார். நிறைவு விழாவில் அந்த இதழ்கள் மெல்ல விரிந்து தாழ்ந்தன. பிறகு அணிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். கொப்பரையை முதலில் வரைந்தபோதே அது எப்படி அணைய வேண்டும், அணைந்த பிறகு யாருக்குப் போக வேண்டும் என்றும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். உங்கள் குழுவும் அப்படித்தான் உட்கார வேண்டும் என்கிறேன்.

சரி, வீரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். தொடக்க விழாவில் அவர்களுக்கு அணிவகுப்பு மட்டும்தான். இருநூறு அணிகள், அணிக்கு அரை நிமிடம் என்று வைத்தாலே நூறு நிமிடம் ஆகிவிடும். அதற்கு முன்னால் பக்கத்து அரங்கிலோ சுரங்கப் பாதையிலோ மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் போட்டி இருப்பவர்களில் நிறையப் பேர் வருவதே இல்லை. நீச்சல் வீரர்களைக் கேட்டுப் பார். வருகிறவர்களும் கொடி, சீருடை, வரிசை என்று அடக்கமாக நடந்துபோவார்கள். மனசுக்குள் பயம் வேறு. நிறைவு விழாவுக்கு வரும்போது இதெல்லாம் முடிந்திருக்கும். ஜெயித்தவர், தோற்றவர், காயம்பட்டவர் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். அந்த முகங்களைப் பார்க்கக் கிடைப்பது அன்று ஒரு நாள்தான்.

அவர்கள் அப்படிக் கலந்து வரும் வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1956 மெல்போர்னில். அந்த வருஷம் உலகமே கொதித்துக்கொண்டிருந்தது. ஹங்கேரிக்குள் சோவியத் படை புகுந்திருந்தது, சூயஸ் கால்வாய்ச் சண்டை வேறு. சில நாடுகள் போட்டிக்கே வரவில்லை. ஹங்கேரிக்கும் சோவியத்துக்கும் நடந்த வாட்டர் போலோ ஆட்டத்தில் ரத்தம் சிந்தியது. அப்போது அந்த ஊரில் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஜான் இயான் விங் என்ற பதினேழு வயதுப் பையன் அமைப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினான். நிறைவு விழாவில் நாடு நாடாகப் பிரிந்து வராமல் எல்லோரும் ஒரே கூட்டமாக நடந்து வரட்டும் என்பது அவன் யோசனை. கடிதம் போய்ச் சேர்ந்தபோது விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. ஆனாலும் குழு அதை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 8ஆம் தேதி வீரர்கள் கலந்து நடந்தார்கள். இன்றுவரை அந்த வழக்கம் நிற்கிறது. கமலா, இதற்குச் செலவு ஏதாவது ஆனதா பார். கூட்டத்தை எப்படி நடக்க விடுவது என்ற ஒரு முடிவுதான். எனக்குத் தெரிந்து எந்த விழாவிலும் இதைவிடப் பெரிய யோசனை வந்ததில்லை.

அதனால் உங்கள் நிறைவு விழாவில் வீரர்கள் உள்ளே வந்த பிறகு அவர்களை எங்கே வைப்பது என்பதுதான் உன் முதல் கேள்வியாக இருக்கட்டும். நிற்க இடம், உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், சோர்ந்தவர் வெளியே போக ஒரு வழி. கலைஞர்களுக்காக நடுவில் பெரிய மேடை போட்டுவிட்டு வீரர்களை ஓரத்தில் ஒதுக்கினால் விழாவே தலைகீழாகிவிடும். மாரத்தான் பதக்கத்தை நிறைவு விழாவிலேயே தருகிற வழக்கம் இருக்கிறது. 2024 பாரிஸில் பெண்கள் மாரத்தானில் வென்ற சிஃபான் ஹசன் அன்றிரவு மைதானத்தில் மற்ற வீரர்கள் முன்னால் பதக்கம் வாங்கினார். உங்கள் போட்டியிலும் கடைசி நாள் பதக்கம் ஒன்றையாவது அதற்கென்று கேட்டு வாங்கு. நாட்டுப் பாடல் ஒலிக்க வேண்டும், அதிகாரிகள் சம்மதிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள், விடாதே. தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லும் பகுதியையும் அவசரமாக முடிக்க விடாதே.

அப்புறம் கொடி ஒப்படைப்பு. அடுத்து நடத்தும் ஊருக்கு நிறைவு விழாவில் சில நிமிடங்கள் தருவார்கள். 2008 பெய்ஜிங்கில் லண்டனுக்குக் கிடைத்தது எட்டு நிமிடம். சிவப்பு இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்று உள்ளே வந்தது. அந்த நிமிடங்களில் உங்கள் மைதானத்தில் வேறொரு குழு, வேறு பொருட்கள், வேறு இயக்குநர். அவர்களுடைய பேருந்து நுழைய உங்கள் வாசல் போதுமா என்று இப்போதே அளந்து சொல்லிவிடுங்கள்.

நடனம் பற்றிக் கேட்டிருந்தாய். உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, ஆனால் மைதானம் என்பது மேடை மாதிரி கிடையாது. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் அரை நொடி தாமதமாகக் கேட்கும். ஒலிபெருக்கியை நம்பி ஆடினால் ஒரு முனையில் கை மேலே போகும்போது மறுமுனையில் இன்னும் கீழே இருக்கும். அதனால் ஒவ்வொருவர் காதிலும் இயர்போன் கட்டாயம். பாட்டோடு சேர்த்து ஒரு குரல் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, இடது பக்கம். பெய்ஜிங்கில் 2008 பேர் ஒரே சமயத்தில் முரசு அறைந்ததைப் பார்த்து நாமெல்லாம் அசந்துபோனோமே, அந்த ஒழுங்குக்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைதான். தரையில் கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை மார்பில் மாட்டிக்கொண்டு பழகச் சொல். பெயர் சொல்லிக் கூப்பிடவும் மறக்காதே. சம்பளமில்லாமல் வாரக்கணக்கில் வருகிறார்கள்.

நான் மேடை நிர்வாகத்தில் இருந்த ஒரு விழாவில் பெரிய நீலத் துணியைப் பலர் பிடித்து அலைபோல ஆட்டும் காட்சி ஒன்று இருந்தது. உள்ளரங்கில் பழகியபோது அழகாக அசைந்தது. மைதானத்துக்கு வந்ததும் சுரங்கவாசல் வழியாக அடித்த காற்று துணியைத் தூக்கி, பிடித்திருந்தவர்களை இழுத்துக்கொண்டு போனது. ஆளைக் கூட்டலாமா, காட்சியையே எடுத்துவிடலாமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது உடை தைக்கும் அம்மா ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து வந்து, துணியில் வரிசையாகக் கையகலத் துளைகள் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தார். காற்று துளை வழியாகப் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் துளை தெரியவே இல்லை. அப்படிப்பட்டவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வை. விளக்குக்காரர், துணிக்காரர், வாசலில் நிற்கிறவர் எல்லோரும் வரட்டும்.

கோளாறு எங்கேயும் வரும். சிட்னியில் 2000ஆம் ஆண்டு ஓட்டப்பந்தய வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் தண்ணீருக்கு நடுவில் நின்று ஜோதி ஏற்றிய பிறகு கொப்பரை மேலே ஏறாமல் சில நிமிடங்கள் நின்றுவிட்டது. நனைந்த உடையோடு அவர் அசையாமல் நின்றார். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் ஜோதிக் கொப்பரைக்காகத் தரையிலிருந்து எழ வேண்டிய நான்கு தூண்களில் ஒன்று எழவில்லை. ஆனால் அதே வான்கூவரில் நிறைவு விழா எப்படித் தொடங்கியது தெரியுமா? ஒரு கோமாளி வந்து அந்தத் தூணைச் சரிசெய்வதுபோல நடித்து மேலே இழுத்தார். தூண் எழாததால் அன்று ஜோதி ஏற்ற முடியாமல் போன வீராங்கனை காட்ரியோனா லே மே டோன் இப்போது வந்து அதை ஏற்றினார். 2014 சோச்சியிலும் அப்படித்தான். தொடக்க விழாவில் ஒலிம்பிக் சின்னத்தின் ஐந்து வளையங்களில் ஒன்று விரியவில்லை. நிறைவு விழாவில் நடனக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு வளையத்தைச் சற்று மூடி வைத்திருந்து பிறகு விரித்தார்கள். நிறைவு விழா முழுக்க இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தால் இதற்கெல்லாம் இடமே இருந்திருக்காது. அதனால் உங்கள் திட்டத்தில் சில நிமிடங்களைக் காலியாக விடு. போட்டியின்போது என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

துக்கமும் நடக்கலாம். வான்கூவரில் தொடக்க விழா நாளன்றே ஜார்ஜியா நாட்டுப் பனிச்சறுக்கு வண்டி வீரர் நோடார் குமாரிதாஷ்விலி பயிற்சியில் இறந்துபோனார். அன்றிரவு அவருடைய அணி கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. கொடிகள் அரைக்கம்பத்தில். சில மணி நேரத்தில் ஒரு கொண்டாட்டத்தை மரியாதையாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் யார் முடிவெடுப்பது, எந்தப் பகுதியை எடுப்பது என்பதை எழுதி வைத்திருப்பது நல்லது.

தொடக்க விழா பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதில் பாதி ஏற்கெனவே விதியில் இருக்கிறது: அணிவகுப்பு, கொடி, உறுதிமொழி, நாட்டுத் தலைவர் தொடங்கிவைப்பது. ஒலிம்பிக்கில் கிரீஸ் முதலில், நடத்தும் நாடு கடைசியில். உங்கள் போட்டிக்கு என்ன விதி என்று முதலில் கேட்டு வாங்கிக்கொள். நிஜப் பறவைகளைப் பறக்கவிடும் யோசனை ஒன்று உன் குறிப்பில் இருந்தது. அதை எடுத்துவிடு. 1988 சியோலில் பறக்கவிட்ட புறாக்களில் சில கொப்பரையில் போய் உட்கார்ந்து தீயில் கருகின. ஆயிரம் காகிதப் பறவைகள் போதும்.

அணிவகுப்பை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று உங்களுக்குள் சண்டை என்று எழுதியிருந்தாய். முதலில் வை. வீரர்கள் உட்கார்ந்து விழாவைப் பார்க்கட்டும். பார்க்க முடியாமல் வெளியே நின்றுகொண்டே இருப்பது அநியாயம். தொலைக்காட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். ஆனாலும் ஒரு தடவை கேட்டுப் பார்.

மைதானத்துக்கு எத்தனை வாசல், ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், நிறைவு நாளன்று கடைசிப் போட்டி எத்தனை மணிக்கு முடிகிறது, இந்த மூன்றையும் விசாரித்து எழுது. வீரர்கள் உள்ளே வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சாரதா