கப்பலில் வரும் விறகு

இம்மிங்ஹாம், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லாரும் நலமா? இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹம்பர் ஆற்றுக் காற்று காதை அடைக்கிறது. மற்றபடி சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் குறைவில்லை.

துறைமுகத்தில் என்ன சரக்கு என்று போனில் கேட்டீர்கள். விறகு என்றதும் நீங்கள் நம்பவில்லை. நிஜமாகவே விறகுதான் அப்பா. மரத்தூளையும் மெல்லிய மரங்களையும் காயவைத்து, அரைத்து, அச்சில் அழுத்திச் சின்னச் சின்னக் குச்சிகளாக்குகிறார்கள். பார்க்கக் கோழித்தீவனம் மாதிரி இருக்கும். பெல்லட் என்று பெயர். பெரும்பாலும் பசைகூடச் சேர்ப்பதில்லை. அழுத்தும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இளகிப் பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் லூசியானா, மிசிசிப்பி பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக வருகிறது. இங்கிருந்து மூடிய ரயில் பெட்டிகளில் டிராக்ஸ் மின்நிலையத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் முழுக்க நிலக்கரியில் ஓடிய நிலையம் அது. 2013 முதல் ஒவ்வொரு யூனிட்டாக மரத்துக்கு மாற்றினார்கள். அங்கே பெல்லட்டைக் கொட்டிவைக்கும் குவிமாடங்கள் ஒவ்வொன்றும் 50 மீட்டர் உயரம்.

என் வேலை கன்வேயர் பெல்ட் பராமரிப்பு. தூறல் விழுந்தால் போதும், கப்பலின் மூடியைச் சாத்திவிட்டு இறக்குவதை நிறுத்திவிடுவோம். நனைந்த பெல்லட் உப்பி, உதிர்ந்து, மறுபடி தூளாகிவிடும். தூசி பறந்தாலும் ஆபத்து, ஒரு பொறியில் வெடிக்கும். இன்னொன்று, குவியல் தானாகவே சூடேறும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் கசியும். அதனால் வாயு அளவைச் சோதிக்காமல் கப்பலின் சரக்கு அறைக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது. நம்மூரில் கரி மூட்டம் பிரிக்கும்போது முகத்தைக் குனியாதே என்று நீங்கள் அதட்டியது இங்கே உதவுகிறது.

தேவை கூடிக்கொண்டேதான் போகிறது. 2011-இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பான் இப்படி மரத்தை எரித்து எடுக்கும் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆரம்பித்தது. தென்கொரியாவும் வாங்குகிறது. அந்த இரண்டு நாட்டுக்கும் வியட்நாம் அனுப்பித் தள்ளுகிறது. பிரிட்டனில் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடியாகிவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. மரம் மறுபடி வளரும், புகையில் போன கார்பனைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், ஆகவே இது புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்கிறார்கள். மரத்தை வெட்டிய நாட்டின் கணக்கில்தான் அந்தக் கார்பன் ஏறும், இங்கே புகைபோக்கியில் போவதைப் பூஜ்யம் என்றே எழுதுகிறார்கள். நம்மூர் சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து தழைத்து நாலைந்து வருசத்தில் மறுபடி மூட்டம் போடலாம். அமெரிக்கத் தெற்கின் பைன் அப்படியில்லை. வெட்டினால் தழைக்காது, புதிதாக நடவேண்டும். ஒரு சுற்று வளர 25, 30 வருசம். இன்று ஒரு நொடியில் எரிந்து போனதை அடைக்க அவ்வளவு காலம்! அறுவை மில்லின் தூளும் கழிவும் வந்தால் நான் மனசார ஏற்றுக்கொள்வேன். முழு மரத்தை, அதுவும் பழைய காட்டு மரத்தை, இதற்காக வெட்டுவது சரியில்லை. சூரிய ஒளிக்கும் காற்றாலைக்கும் இந்தக் கடன் கிடையாது. இந்தக் கரையோரக் கடலிலேயே பெரிய பெரிய காற்றாலைகள் சுற்றுகின்றன. பணம் அங்கே போகவேண்டும் என்று ஷிப்டில் வாய்விட்டே சொல்கிறேன். இதில் வயிறு வளர்க்கிறவன் நான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூட வேலை செய்கிறவர்களுக்குக் கருவேலம் அவ்வளவு சீக்கிரம் வளரும் என்றால் நம்பிக்கை வரவில்லை. கண்மாய்க்கரைப் பக்கம் போன வருசம் வெட்டிய இடத்தில் இப்போது எவ்வளவு உயரம் தழைத்திருக்கிறது என்று தங்கச்சியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நின்றால் அளவு தெரியும். இந்த மாசப் பணம் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்