மாற்று பெட்ரோல் டேங்க் மூடி சரியாக அடைக்காதது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டேங்க் மூடியின் சீல் குறைபாடு, தவறான செய்முறைத் தாள், உத்தரவாத மறுப்பு தொடர்பாக

ஐயா / அம்மா,

உங்களிடம் வாங்கிய மாற்று டேங்க் மூடியைப் பொருத்திய பிறகு காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு பி0457: மூடி தளர்ந்திருப்பதாலோ இல்லாததாலோ பெட்ரோல் ஆவி கசிகிறது என்று பொருள். இதைத் தெரிவித்ததற்கு வந்த பதில் இரண்டே வரி. "இன்னும் மூன்று கிளிக் கேட்கும்வரை திருகவும். வீட்டில் பொருத்திய பாகத்துக்கு உத்தரவாதம் இல்லை." இரண்டையும் ஏற்க முடியாது.

மூடிக்குள் இருக்கும் ராட்செட்டின் வேலையே அளவுக்கு மீறி இறுக்க விடாமல் தடுப்பதுதான். குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் மேல் ஓடு மட்டும் வழுக்கிச் சுற்றும். அந்தச் சத்தம்தான் கிளிக். அதற்கு மேல் மூன்று கிளிக் என்ன, முப்பது கிளிக் கேட்டாலும் ரப்பர் வளையம் (சீல்) துளியும் கூடுதலாக அழுந்தாது. உங்கள் மூடியில் வளையம் டேங்க் வாயில் முழுதாகப் படிவதற்கு முன்பே ராட்செட் வழுக்கிவிடுகிறது. கோளாறு கையில் இல்லை, மூடியில் இருக்கிறது.

வெர்னியர் காலிப்பரில் அளந்தபோது பழைய மூடியின் வளையம் 4 மி.மீ. பருமன், உங்களுடையது 3.2 மி.மீ. பல வருடம் அழுந்தித் தட்டையான பழைய வளையமே 4 மி.மீ. என்றால், புதியது அதைவிடக் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்? டேங்க் வாயின் விளிம்பைத் துடைத்து, வளையத்தின் மேல் விரல் நுனியளவு கிரீஸை மெல்லிசாகத் தடவி, மூடித் திறந்து பார்த்தால் விளிம்பில் முழு வட்டமாகத் தடம் விழ வேண்டும். உங்கள் மூடியில், அதைக் காரோடு இணைக்கும் பட்டை இருக்கும் பக்கம் கால் வட்டம் தடமே இல்லை. (கிரீஸை உடனே துடைத்துவிட வேண்டும், டேங்குக்குள் போகக்கூடாது.) அந்தக் கால் வட்டத்துக்குக் காரணம் பட்டையேதான். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் பட்டையின் வளையம் தாராளமாகச் சுழல வேண்டும், இதில் பிடித்துக்கொள்கிறது. மூடியோடு சேர்ந்து பட்டையும் முறுக்கி, மடிந்து, சீலுக்கும் வாய்க்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது.

டேங்க் வாயில் துருவோ நசுங்கலோ இல்லை. கார் தயாரிப்பாளரின் அசல் மூடியை அதே வாயில் போட்டதும், சில ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானாகவே அணைந்தது. திரும்ப வரவில்லை.

ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிடுங்கள் என்று பிறகு வந்த யோசனையும் பயனற்றது. அழித்தால், ஆவி கசிகிறதா என்று தானே செய்யும் சோதனையைக் கார் முதலிலிருந்து தொடங்கும். அதற்கு இன்ஜின் பல மணி நேரம் ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிரம்பியும் இருக்கக்கூடாது, வறண்டும் இருக்கக்கூடாது. ஆகவே சில நாள் விளக்கு எரியாமல் இருப்பதை வைத்துக் கசிவு நின்றுவிட்டதாகச் சொல்ல முடியாது.

செய்முறைத் தாளில் பழைய பட்டையைக் "குறடால் பிடித்து இழுக்கவும்" என்கிறீர்கள். காரின் தகட்டுத் துளையில் மாட்டியிருக்கும் பட்டையின் முனை அம்பு வடிவத்தில் விரிந்திருக்கும். இழுத்தால் தலை ஒடிந்து தகட்டுக்குப் பின்னால் விழக்கூடும். பிளாஸ்டிக் நெம்பியை அடியில் கொடுத்து, முனையைக் கால் சுற்றுத் திருப்பினால் தானாக வெளியே வரும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பெயின்டைக் கீறும். இவை எதுவும் தாளில் இல்லை. அதே தாளின் முதல் வரி "வீட்டிலேயே எளிதாகப் பொருத்தலாம்"! அப்படி எழுதிவிட்டு, வீட்டில் பொருத்தியதற்காக உத்தரவாதத்தை மறுப்பது என்ன நியாயம்?

இன்னொன்று, மூடி காற்றுத்துளை உள்ளதா இல்லாததா என்று பெட்டியில் குறிப்பே இல்லை. ஆவியைப் பிடிக்கும் கார்பன் கேனிஸ்டர் உள்ள காரில் துளை மூடியைப் போட்டால் ஆவி வெளியேறி விளக்கு எரியும். துளை வழியாகவே டேங்க் காற்றை இழுக்கும் பழைய கார்களில் அடைப்பு மூடியைப் போட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வரத்துக் குறைந்து வண்டி ஓட்டத்திலேயே நிற்கும்.

எனவே, மூடியைத் திரும்பப் பெற்று முழுத் தொகையைத் தர வேண்டும். அதே வரிசையில் வந்த மற்ற மூடிகளின் வளையப் பருமனை அளந்து, முடிவை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். செய்முறைத் தாளைத் திருத்தி, பெட்டியில் மூடியின் வகையை அச்சிட வேண்டும். அளவெடுத்த படங்கள், கிரீஸ் தடத்தின் படங்கள், ஸ்கேனர் பதிவு ஆகியவற்றை இணைத்துள்ளேன். மூடியும் பழைய வளையமும் என்னிடமே உள்ளன. உங்கள் ஆள் வந்து அளந்து பார்க்கலாம். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்