காற்றில்லாத இடத்தில் வீசும் காற்று

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சில நாட்களாகின்றன. முழங்கால் அறுவை முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் நிம்மதி. பேத்தியின் கேள்வியைக் கடைசி வரியில் வைத்திருந்தாய்: நிலாவில் காற்றே இல்லையாம், அப்புறம் உங்கள் நண்பர் அங்கே எந்தக் காற்றை இத்தனை வருடமாக ஆராய்ந்தார்? அவள் கேட்டாளா, அவள் பெயரைச் சொல்லி நீ கேட்கிறாயா என்று எனக்குச் சந்தேகம்தான். விடுதியில் இருந்த காலத்திலேயே, வெற்றிடத்தைப் படித்துச் சம்பளம் வாங்கப் போகிறவன் என்று எனக்குப் பட்டம் சூட்டியவன் நீதானே. ஓய்வு பெற்ற தைரியத்தில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சூரியனின் வெளி மண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் தகிப்பது. அந்தச் சூட்டில் அதைச் சூரியனின் ஈர்ப்பாலேயே கட்டிவைக்க முடிவதில்லை. புரோட்டான்களும் எலக்ட்ரான்களுமாகப் பிய்த்துக்கொண்டு நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. இத்தனை வருடமாக நான் ஆராய்ந்தது இந்தச் சூரியக் காற்றைத்தான். பூமிக்கு அருகே வரும்போது ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு புரோட்டான்கள் இருந்தால் அதிகம். ஆய்வகத்தில் நாம் பெருமையடித்துக்கொள்ளும் வெற்றிடத்தில்கூட இதைவிடக் கூட்டம் அதிகம். ஆகவே உன் பட்டம் அவ்வளவு தப்பில்லை.

இப்படியொரு காற்று இருக்கிறது என்று 1958 இல் யூஜீன் பார்க்கர் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் காட்டியபோது, கட்டுரையைப் படித்த வல்லுநர்கள் இருவரும் உதவாது என்று ஒதுக்கினார்கள். பத்திரிகையின் ஆசிரியர் நம் வானியற்பியலாளர் சந்திரசேகர். அவருக்கும் அந்த முடிவில் நம்பிக்கையில்லை. ஆனால் கணக்கில் பிழை எதையும் யாரும் காட்டவில்லை என்பதால் அச்சுக்கு அனுப்பிவிட்டார். நான்கே ஆண்டுகளில், வெள்ளிக் கோளுக்குப் போய்க்கொண்டிருந்த மாரினர் 2 விண்கலம் வழியெல்லாம் அந்தக் காற்றை அளந்தது. பிறர் கட்டுரைகளுக்கு மதிப்புரை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியர் நினைவுதான்.

என் அன்றாட வேலையைப் பற்றி நீ ஒருபோதும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன். விண்கலத்திலிருந்து வரும் எண்களை ஒரு வண்ணப் படமாக மாற்றுவோம். குறுக்கே நேரம், நெடுக்கே துகளின் ஆற்றலை அதன் மின்னூட்டத்தால் வகுத்த அளவு, எத்தனை துகள் வந்தது என்பதற்கு நிறம். தொந்தரவில்லாத சூரியக் காற்றில் ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே ஒரு மெல்லிய கோடு நேராகப் போகும், அவை புரோட்டான்கள். அதற்கு மேலே, சரியாக இரண்டு மடங்கில், மங்கலாக இன்னொரு கோடு. அது ஹீலியம்; வேகம் ஒன்றேதான், ஆனால் எடை நான்கு மடங்கு, மின்னூட்டம் இரண்டு மடங்கு. கலம் செவ்வாயை நெருங்கினால் ஓரிடத்தில் இந்தக் கோடுகள் சட்டென்று உடைந்து அகன்ற பட்டையாகச் சிதறும். கோளுக்கு முன்னால் நிற்கும் அதிர்ச்சி அலையைக் கலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். நிலவில் அந்த உடைப்பே இல்லை. கோடு நேராக வந்து தரையில் முட்டிக்கொள்கிறது.

முட்டியபின் என்ன ஆகிறது? நிலவின் மண் மை ஒற்றும் தாள்போல எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2008 இல் போன சந்திரயான் 1 இல் இந்திய, ஸ்வீடன் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த சாரா என்ற கருவி இருந்தது. அது சொன்ன கணக்கின்படி, வந்து விழும் புரோட்டான்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை திரும்பிக் கிளம்பிவிடுகின்றன, அதுவும் மண்ணிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு, ஹைட்ரஜன் அணுவாக. இங்கேதான் எனக்கு ஆசை பிடித்தது. மின்னூட்டம் போய்விட்டதால் அந்த அணுக்களைக் காந்தப்புலம் வளைக்காது. கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் வரும். எனவே அவற்றைக் கொண்டே தரையைப் படம் பிடிக்கலாம். அப்படிப் பிடித்ததில், நிலவின் மறுபக்கத்தில் காந்தமேறிய பாறைகள் உள்ள ஒரு பகுதியிலிருந்து அணுக்கள் குறைவாகவே வந்தன. அந்த இத்தனூண்டு காந்தப்புலம் தன் தலைக்கு மேல் காற்றை ஒதுக்கிவிடுகிறது. தரையில் தங்கிவிடும் புரோட்டான்களும் சும்மா இருப்பதில்லை, மண்ணின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ஆகின்றன, அதாவது நீரில் ஒரு ஹைட்ரஜன் குறைந்தது. பேத்தியிடம் இதைச் சொல்: நிலவின் ஈரத்தில் ஒரு பங்கு சூரியன் தந்தது.

செவ்வாயில் கதை வேறு. காந்தப்புலத்தை இழந்த கோள், காற்று நேரே வளிமண்டலத்தை உரசுகிறது. நொடிக்குச் சுமார் 100 கிராம் பறிபோவதாக மேவன் கலம் 2015 இல் சொன்னது. சூரியப் புயல் வந்தால் இன்னும் கூடும். 2022 டிசம்பரில் தலைகீழாக ஒன்று நடந்தது. காற்றின் அடர்த்தி நூறில் ஒரு பங்காக விழுந்தது, செவ்வாயின் மின்னேறிய மேல் வளிமண்டலம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உப்பி எழுந்தது. வழக்கமாக அதன்மேல் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பூமிக்குக் காந்தப்புலம்தான் கவசம் என்று பாடநூல்கள் ஒரே போடாகப் போட்டுவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் கிடையாது, ஆனால் அதன் வளிமண்டலம் நம்முடையதைவிடத் தொண்ணூறு மடங்கு கனம். பூமியின் புலம் காற்றைத் தடுக்கிறது, சரி. ஆனால் அது பெரிய பரப்பில் ஆற்றலை வாங்கித் துருவங்கள் பக்கம் திருப்பிவிடுகிறது, அங்கிருந்து ஆக்சிஜன் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், தப்பிக்கொண்டே இருக்கின்றன. மூன்று கோள்களின் அயனி இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கவசம் என்ற பேச்சுக்கு ஏற்ற பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. மாநாடுகளில் இதைச் சொன்னால் இன்னமும் சண்டைக்கு வருகிறார்கள். நல்லதுதான்.

என்னிடம் கடைசியாகச் சேர்ந்த மாணவி புதன் பக்கம் போய்விட்டாள். அங்கே காந்தப்புலம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குதான். 2018 இல் கிளம்பிய பெபிகொலம்போ விண்கலம், உந்துவிசைக் கோளாறினால் புதனைச் சுற்றத் தொடங்குவது 2026 நவம்பருக்குத் தள்ளிப்போனதில், என்னைவிட அவளுக்குத்தான் தவிப்பு. எனக்குக் காத்திருப்பு பழகிவிட்டது. இந்தத் துறையில் கருவியை வடிவமைப்பவர் ஒருவர், தரவைப் பார்ப்பவர் வேறொருவர் என்பது சகஜம்.

அது இருக்கட்டும். பள்ளி மாணவர்களுக்காக நீ எழுதத் தொடங்கிய கணிதப் புத்தகம் என்ன ஆயிற்று? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் பிரதி எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, முதல் இரண்டு அத்தியாயங்களை அனுப்பு. திருத்தம் போடும் ஆசை எனக்கு இன்னும் விடவில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்