விடியற்காலை வந்த ராத்திரி வண்டி

சிவமயம்

அன்புள்ள வள்ளிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். போனில் சார்ஜ் தீர்ந்ததால்தான் எடுக்க முடியவில்லை. நீ விடிய விடியத் தூங்கவில்லை என்று அப்பச்சி சொன்னதும் மனது கேட்கவில்லை. இப்போது கூப்பிட்டால் நீ திட்டியே தீர்ப்பாய், அதனால் எழுதுகிறேன்.

இரவு 10.30க்குக் காரைக்குடி வர வேண்டிய வண்டி 2.45க்கு வந்தது. திருச்சிக்கு முன்னாலேயே இன்ஜின் கோளாறு என்று பொட்டல்வெளியில் ஒன்றரை மணி நேரம். அதற்கப்புறம்தான் பெரிய பாடு. திருச்சியிலிருந்து நம் ஊர் 90 கிலோமீட்டர்தான், ஆனால் ஒற்றைத் தடம். ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போகிற ராத்திரி வண்டிகள் எதிரே வர, நாங்கள் ஒவ்வொரு கிராசிங்குக்கும் ஒதுங்கி நின்றோம். "ஒருதரம் நேரம் தவறிட்டா அப்புறம் எல்லாத்துக்கும் வழிவிடணும் ஆச்சி" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். சரி, நிற்கட்டும். ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எத்தனை பேர்! அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

எதிர் சீட்டில் மூன்று வயதுப் பையன். வண்டி நிற்கும்போதெல்லாம் "ஊரு வந்துருச்சா?" என்பான். முதலில் அவன் அம்மா மட்டும் பதில் சொன்னாள். புதுக்கோட்டை தாண்டியதும் மொத்தப் பெட்டியும் ஒரே குரலில் "இன்னும் இல்லை!" என்றது. அவனுக்கு அதுவே விளையாட்டாகி, வண்டி ஓடும்போதும் கேட்க ஆரம்பித்துவிட்டான். நீ கட்டிக் கொடுத்த புளியோதரையில் பாதி அவனுக்குத்தான்.

இன்னொருவர் கோட்டையூர்க் கல்யாணத்துக்கு மாலை கொண்டுவந்தார். வாழையிலைப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, நிற்கிற இடத்திலெல்லாம் மெதுவாகப் பிரித்து, பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றித் தெளித்தார். தண்ணீர் தீர்ந்ததும் ஆளாளுக்குப் பாட்டிலை நீட்டினோம். திருமயத்தில் ரோஜா இதழ் ஒன்று உதிர்ந்ததற்கு அத்தனை பேரும் "அச்சச்சோ" என்றோம், வள்ளி! காரைக்குடியில் இறங்கும்போது மாலை வாடவே இல்லை.

அப்பச்சி பிளாட்பாரத்தில் பிளாஸ்க்கோடு நின்றார். விசாரிக்கும்போதெல்லாம் "இன்னும் அரை மணி நேரம்" என்றார்களாம். காபி ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் குடித்தேன்.

இனிமேல் விமானத்தில் போங்கள் என்கிறாயாம். மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி மறுபடி கார் ஏற வேண்டும். ரயிலில் எழுந்து நாலடி நடக்கலாம், என் முழங்காலுக்கு அதுதான் சௌகரியம். அடுத்த தடவை போனுக்கு ஒரு பவர் பேங்க் மட்டும் வாங்கிக் கொடு.

பொங்கலுக்கு நீங்கள் வர வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஜனவரி 12 கிளம்புவதென்றால் நவம்பர் 13 காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடு. மாப்பிள்ளையிடமும் இன்றே சொல்லி வை. குழந்தைக்கு ஜன்னல் சீட்டு எடு.

அன்புடன்,
ஆத்தா