வண்ணமீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. சிலவற்றில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கப்பி மீன் வளர்ப்புப் பயிற்சி கொடுத்தோம். மழைக்காலத்தில் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. பதிவேடுகள் அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் தப்பின.

இனி சங்கத்தின் பொது மீன்தொட்டி. இதற்கு இவ்வளவு செலவு தேவையா என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கடித் தொட்டி, சுமார் 250 லிட்டர். நான் பொறுப்பேற்றபோது அடியில் நீலச் சாயக் கல், மேலே நியான் டெட்ரா மீன் கூட்டம், ஃபில்டருக்குப் பின்னால் மூன்று கோரிடோரஸ். அடியில் மேயும் சிறு கெளுத்தி மீன், சுருக்கமாகக் கோரி. ஒன்று அல்பினோ, ஒன்று பெப்பர்டு, ஒன்று பாண்டா. 'அடியைச் சுத்தம் செய்யும்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, வெவ்வேறு சமயத்தில் ஒவ்வொன்றாக வாங்கிவிட்டவை. கோரி கழிவைத் தின்னாது. கீழே விழும் தீனியைத் தின்னும், அதுவும் மேலே இருப்பவை மிச்சம் வைத்தால். நியான்கள் மிச்சம் வைப்பதில்லை. பாண்டாவின் மீசை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. கூரான கல்லும் அதன் இடுக்கில் அழுகிய தீனியும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். இந்த நிலைமையைத்தான் 'நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கை வைக்கணும்' என்றார்கள்.

கோரி கூட்டமாக வாழும் மீன். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், பத்து இருந்தால் நல்லது. இனத்துக்கு ஒன்றாக மூன்று விட்டால் அது கூட்டமாகிவிடாது. எனவே அல்பினோவையும் பாண்டாவையும் ஏற்கெனவே அந்தந்த இனத்தில் கூட்டம் வைத்திருந்த உறுப்பினர்களிடம் ஒப்படைத்தேன். பெப்பர்டு குளிர்ந்த தண்ணீர் கேட்கும் மீன். ஏற்காட்டில் இருக்கும் ஓர் உறுப்பினரின் அண்ணன் வீட்டுத் தொட்டிக்குப் போனது. டார்வினே பிடித்த மீனை அனுப்பலாமா என்று ஒருவர் வாதாடினார். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் அதைப் பிடித்தது உண்மைதான். ஆனால் வில்லிவாக்கத்து மே மாத வெயிலில் பிடிக்கவில்லை.

நமக்கு ஏற்றது ஸ்டெர்பை என்ற கோரி வகை. பிரேசில், பொலிவியா எல்லையில் ஓடும் குவாப்போரே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 28 டிகிரி வரை தாங்கும். தலையில் வெள்ளைப் புள்ளி, பக்கத் துடுப்பில் ஆரஞ்சு. விலை கூடுதல் என்ற ஆட்சேபம் பதிவாகியிருக்கிறது. மலிவாக வாங்கிக் கோடையில் சாகக் கொடுப்பது எப்படிச் சிக்கனமாகும் என்று நான் திருப்பிக் கேட்டது ஏனோ பதிவாகவில்லை. (2024-இல் ஆய்வாளர்கள் கோரிடோரஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்து, ஸ்டெர்பையை ஹோப்லிசோமாவில் சேர்த்துவிட்டார்கள். இருப்புப் பதிவேட்டில் பழைய பெயரே தொடர்கிறது. தணிக்கையாளருக்குக் குழப்பம் வேண்டாம்.)

அப்புறம் மணல். ஓர் அன்பர் எம்-சாண்ட் ஒரு மூட்டை இலவசமாகத் தர முன்வந்தார். அது பாறையை உடைத்து எடுப்பது, ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாலே தெரியும். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். ஆகவே தண்ணீர் வடிகட்டப் பயன்படும் சன்ன மணலை வாங்கி, கலங்கல் நிற்கும்வரை வாளியில் அலசி, இரண்டு அங்குலம் பரப்பினோம். 'பரப்பினோம்' என்பது மரியாதைப் பன்மை.

பத்து ஸ்டெர்பையையும் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகுதான் உள்ளே விட்டேன். கண் வரைக்கும் மூஞ்சியை மணலுக்குள் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, அதிலுள்ள தீனியை மட்டும் வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியே வெளியே விடும். இரண்டு கன்னத்திலும் மணல் புகைபோலக் கிளம்பும். ஒன்று அடுத்ததை இடித்துக்கொண்டே நகரும். ஒன்று திரும்பினால் மற்றவையும் திரும்பும். பட்டப்பகலில், தொட்டியின் நடுவில். இவை கூடியிருப்பதையும் நம் மாதக் கூட்டத்தையும் பொருளாளர் ஒப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுதவில்லை.

ஒரு நாள் இரவு, மீன்கள் மூச்சுத் திணறி மேலே வருகின்றன என்று போன் வந்தது. கோரி மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். குடல் அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அது அதன் வழக்கம். ஓயாமல் அப்படிச் செய்தால்தான் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இதை ஜூன் கூட்டத்தில் விளக்கியிருந்தேன். போன் செய்தவர் ஜூன் கூட்டத்துக்கு வரவில்லை. கோரியை வலையால் பிடிக்கக் கூடாது, அதன் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் டப்பாவில் வழிநடத்திப் பிடிக்க வேண்டும் என்பதும் அதே கூட்டத்தில் சொன்னதுதான். சங்கத்தின் வலை இப்போது கத்தரிக்கோலால் வெட்டப்பட்ட நிலையில் இருக்கிறது.

தீனிக்கு முறைப்பட்டியல் போட்டோம். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் மாத்திரை, வாரம் இரு முறை உறைந்த ரத்தப்புழு. பொங்கல் விடுமுறையில் பட்டியலில் இருந்தவர் வரவில்லை. அது பெரிய விஷயமில்லை, வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும். ஆனால் திரும்பி வந்ததும் எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரே வேளையில் கொட்டினார். மறுநாள் தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது, அமோனியா ஏறியிருந்தது. தண்ணீர் மாற்றியது யார் என்று சொல்லத் தேவையில்லை. கோடையில் நீர்மட்டத்தின் மேல் காற்றுப்படும்படி வைத்த சிறு மின்விசிறி, சூட்டை இரண்டு டிகிரியாவது குறைத்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அதை அணைத்த கை எதுவென்று நான் விசாரிக்கவில்லை.

நவம்பரில், நல்ல மழை நாளில், சற்றுக் குளிர்ந்த தண்ணீர் மாற்றியதும் மீன்கள் முட்டையிட்டன. பெண் மீன் வயிற்றுத் துடுப்பைக் கூப்பி முட்டையை ஏந்திக்கொண்டு போய்க் கண்ணாடியில் ஒட்டியது. பெரும்பாலான முட்டைகளை நியான்கள் தின்றுவிட்டன. கிரெடிட் கார்டால் சுரண்டி எடுத்துத் தனி டப்பாவில் காற்றுக்கல்லோடு வைத்தவை நான்காம் நாள் பொரிந்தன. ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறாலைத் தின்று சில பிழைத்திருக்கின்றன. குஞ்சு கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்கள் பலர். அவர்கள் பெயரையும் சந்தாப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, சந்தா வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு சற்று அதிகம், கையிருப்பு என்று ஒன்று இருக்கிறது. தொட்டிக்கான சில பில்கள் என் சட்டைப் பையில் உள்ளன. அவசரமில்லை.

அறையை வாடகை ஏற்றாமல் தந்துவரும் உரிமையாளருக்கும், தலைவருக்கும், டீ கொண்டுவரும் தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் குஞ்சுகளுக்கென்று இரண்டடித் தொட்டி ஒன்றும் ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றும் தேவை. சந்தா பாக்கியில் பாதி வந்தாலே போதும். செயலாளர் பொறுப்புக்கு இளைஞர்கள் வந்தால் மகிழ்ச்சியோடு விலகுவேன்; தொட்டிச் சாவி மட்டும் சில காலம் என்னிடம் இருப்பது மீன்களுக்கு நல்லது. சந்தா பாக்கிக்காரர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனையை இந்த ஆண்டு நான்தான் தடுத்தேன். அடுத்த ஆண்டும் தடுப்பேனா என்று தெரியவில்லை. ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. ஜிபே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்