பன்றிப் பண்ணைக்குப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

எந்த வைரஸ் எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் மரபணு மரங்களைக் கொரோனாவுக்கு வரைந்து பழகிய கையோடு, அமெரிக்காவின் மினசோட்டாவில் பன்றி வைரஸுக்கு மாறிவிட்டாய் என்று அப்பா சொன்னார். நல்லது. மாட்டு டாக்டராக இருந்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன்.

நீ பார்க்கப்போகும் பி.ஆர்.ஆர்.எஸ். என்ற பன்றி நோய் 1980களின் கடைசியில் அமெரிக்காவில் தலைகாட்டியபோது, காரணம் பிடிபடாமல் மர்ம நோய் என்றே அழைத்தார்கள். தாய்ப்பன்றிக்குக் கரு கலையும், குட்டிகளுக்கு மூச்சு திணறும். வேகமாக உருமாறும் ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால், எந்தக் கிளை எங்கிருந்து எங்கே போனது என்று தேடும் உன் வித்தை இங்கே அப்படியே பலிக்கும். பலருக்கு வந்து தேறினால் ஊருக்கே காப்பு என்கிற கூட்டு எதிர்ப்பாற்றல் கணக்கை மட்டும் அப்படியே கொண்டுபோகாதே. நோய் வந்து தேறிய மனிதர்கள் அடுத்த வருடமும் அதே ஊரில்தான் இருப்பார்கள். கறிப்பன்றி ஆறு மாதத்தில் கசாப்புக்கு லாரி ஏறிவிடும். தாய்ப்பன்றிக் கொட்டிலிலும், கழித்துவிட்ட தாய்ப்பன்றிகளுக்கு ஈடாக இளம் பெட்டைகள் வந்துகொண்டே இருக்கும்; ஒவ்வொன்றும் வைரஸுக்குப் புது விறகு. அதனால்தான் வைரஸை ஒழிக்க, புதுப் பன்றி எதையும் சேர்க்காமல் ஏறத்தாழ 200 நாள் பண்ணையை அடைத்துவைக்கிறார்கள். நம் ஊரடங்கைவிட இது ஒழுங்காக நடக்கும், பன்றி டீக்கடைக்குப் போகாது. போய் வருகிறவர்கள் மனிதர்கள்தான்.

ஆகவே லாரி டிரைவர்களிடம் பேசு. 2013இல் அங்கே நுழைந்த, பன்றிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் பி.இ.டி.யும் ஒரு கொரோனா வைரஸ்தான். லட்சக்கணக்கான குட்டிகள் செத்தன. கசாப்பு ஆலையில் பன்றிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் டிரெய்லர்களில் சாணியோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பண்ணையின் வைரஸும் சொந்தம் என்று உன் மரம் சொல்லும். அந்தச் சொந்தம் எந்த வழியாக வந்தது என்பது வண்டி கழுவுகிறவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், சோதனைக்கு மாதிரி எடுக்கும் அந்தப் பருத்திக் கயிறு. கொட்டிலில் தொங்கவிட்டால் பன்றிகள் தாமாகவே வந்து மெல்லும். பிழிந்தால் கொட்டில் முழுவதன் உமிழ்நீரும் ஒரே குப்பியில். மூக்கில் குச்சி விடவே நாம் எத்தனை முகம் சுளித்தோம்! ஆனாலும் நோய் கண்ட பண்ணைகள்தான் அதிகம் மாதிரி அனுப்பும். சத்தமில்லாமல் வைரஸ் சுற்றுகிற பண்ணை உன் மரத்தில் ஒரு கிளையாகக்கூட இருக்காது. கொரோனாவிலும் பணமுள்ள நாடுகளின் மரபணு வரிசைகள்தானே வந்து குவிந்தன? உன் ஆட்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுது.

உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் குளிக்கச் சொல்லும் பண்ணைகள் அங்கே நிறைய. பனிக்காலத்தில் ஈரத்தலையோடு வெளியே நிற்காதே.

அம்மா